வில்சனுக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம்

ஜெர்மனி மீது போர் அறிவிக்க ஒப்புதல் கேட்டு, 1917 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க காங்கிரஸில் பேசினார் அதிபர் உட்ரோ வில்சன். உலகில் ஜனநாயகம் அச்சமின்றி வாழ வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். பிரிட்டன் அப்போரில் அமெரிக்காவின் தோழமை நாடு. ஆனால் பிரிட்டனின் ஆளுகைக்குள் இருந்த மக்களுக்கு ஜனநாயகம் இல்லை. வில்சனின் சொல்லை வைத்தே அவர்கள் நியாயம் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வி சென்னையிலிருந்தும் எழுந்தது. 1917 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அரசு அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், பி.பி.வாடியா மூவரையும் காவலில் வைத்தது. இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்று அழைக்கப்பட்ட அவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து தற்காலிகத் தலைமை நீதிபதி பொறுப்பையும் வகித்தவர். அப்போது வயது 74.

ஜூன் 24 அன்று அவர் வில்சனுக்கு எழுதினார். அந்நிய அதிகாரிகள் தங்களுக்குப் பெருஞ்சம்பளம் எடுத்துக்கொள்கிறார்கள், மக்களின் சம்மதமின்றி வரி விதிக்கிறார்கள், தேசபக்தியோடு பேசியவர்களைச் சிறையில் அடைக்கிறார்கள் என்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். கூடவே ஒரு பேரமும் இருந்தது: சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால், 3 மாதத்தில் 50 லட்சம் வீரர்களை இந்தியா போர்முனைக்குத் தரும், அடுத்த 3 மாதத்தில் மேலும் 50 லட்சம் பேர் வருவார்கள்.

போர்க்காலத் தணிக்கையில் இப்படியொரு கடிதம் தபாலில் தப்பாது. தியசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த அமெரிக்கர்களான ஹாட்ச்னர் தம்பதி அதைக் கையோடு கொண்டுபோனார்கள். கடிதம் வெளியே தெரிந்ததும் பிரிட்டிஷ் அரசு கொதித்தது. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தபோது, வைஸ்ராய் ஐயரை நேரில் கடிந்துகொண்டார். 1918இல் மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அந்தக் கடிதத்தை இழிவானது என்று கண்டித்தார்.

ஐயர் பின்வாங்கவில்லை. ‘சர்’, ‘திவான் பகதூர்’ ஆகிய பட்டங்களைத் துறப்பதாக அறிவித்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் ‘சர்’ பட்டத்தை உதறியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

வில்சன் மீதான நம்பிக்கை இதற்கிடையே வளர்ந்தது. 1918 ஜனவரியில் அவர் வெளியிட்ட 14 அம்சச் சமாதானத் திட்டத்தை நியூயார்க்கில் இருந்த லாலா லஜபதி ராய் வரவேற்றார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ், இந்தியாவுக்கும் சுயநிர்ணய உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. போருக்குப் பிந்தைய பாரிஸ் சமாதான மாநாட்டுக்குத் தன் பிரதிநிதிகளாகத் திலகர், காந்தி, ஹசன் இமாம் மூவரையும் முன்மொழிந்தது. 1919 ஜனவரியில் லண்டனிலிருந்து திலகர் வில்சனுக்கு எழுதினார். உரியவர்கள் உரிய காலத்தில் இந்தியப் பிரச்சினையைக் கவனிப்பார்கள் என்று அதிபரின் செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

காங்கிரஸின் பிரதிநிதிகளை அரசு பாரிஸுக்கு அனுப்பவில்லை. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்கள் இருவர்: ஒருவர் பிக்கானிர் மகாராஜா, மற்றவர் ஐயரின் கடிதத்தைக் கண்டித்த மாண்டேகு.