பேசிக்கொண்டே ஓடு! - முதல் மாரத்தானின் வரலாறு

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். இன்று உலகம் முழுவதும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் இதை ஓடி முடிக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் பதக்கத்துக்காக ஓடுபவர்கள் இல்லை. வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள்... முதன்முதலாக மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றுவிட்டால் வேகத்தைக் குறையுங்கள் என்பதுதான் அது.

கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சாதாரண யோசனை பரவலாவதற்கு, முதல் மாரத்தான் பந்தயம் நடந்த பிறகு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் பலர் பாதி வழியில் விழுந்தார்கள். உயிரை விட்டவரும் உண்டு.

ஏதென்ஸில் விழுந்த கணக்காளர்

1896 ஏப்ரல் 10. முதல் நவீன ஒலிம்பிக் போட்டி. மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை சுமார் 40 கிலோமீட்டர் ஓட வேண்டும். புறப்பட்டவர்கள் 17 பேர். அவர்களில் ஒருவர் எட்வின் ஃபிளாக். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இவர் லண்டனில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் கணக்காளராக இருந்தார். அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் வென்றவர். மாரத்தானுக்கு முந்தின நாள்தான் 800 மீட்டரிலும் முதலிடம் பிடித்திருந்தார். ஆனால் இவ்வளவு நீண்ட தூரத்தை அவர் அதுவரை ஓடியதே இல்லை!

அவர் மட்டுமல்ல. 1500 மீட்டரில் இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஆர்தர் பிளேக், மூன்றாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் ஆல்பின் லெர்முசியோ இருவரும் களத்தில் இருந்தார்கள். வேகத்தில் இந்த மூவரையும் மிஞ்ச அங்கே ஆளில்லை. என்ன நடந்தது? மூவரில் ஒருவர்கூட ஓடி முடிக்கவில்லை. லெர்முசியோ ஆரம்பத்திலேயே வெகு வேகமாக ஓடி, சுமார் 32 கிலோமீட்டரில் நின்றுபோனார். பிறகு முன்னணிக்கு வந்த ஃபிளாக்கும் கடைசிச் சில கிலோமீட்டர்களில் சுருண்டு விழுந்தார்.

வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ். ஏதென்ஸுக்குத் தண்ணீர் சுமந்து வந்து விற்ற சாதாரண கிரேக்கர். நேரம் 2 மணி 58 நிமிடம் 50 நொடி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கிரேக்கர்கள் முன்கூட்டியே அதே பாதையில் தேர்வு ஓட்டங்கள் நடத்தியிருந்தார்கள் என்பது. லூயிஸும் அதில் ஓடித்தான் தேர்வானார். அந்தத் தூரம் உடம்பை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். ஃபிளாக்குக்குத் தெரியாது.

தண்ணீர் கொடுக்காதே!

தூரத்துக்குத் தயாராவது எப்படி என்பது அந்தக் காலத்தில் நிபுணர்களுக்கே தெரியாத விஷயம். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் இதற்கு நல்ல உதாரணம். ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், தண்ணீர் இல்லாமல் உடல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கவே விரும்பினார். கடும் வெயில், புழுதி மண்சாலை, வழியில் தண்ணீர் கிடைப்பதே அரிது. 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் முடித்தார்கள். தங்கம் வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது உதவியாளர்கள் மறுத்துவிட்டு, முட்டையின் வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். அளவு கூடினால் உயிரையே குடிக்கும் விஷம் அது. பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். அவர் பிழைத்ததே பெரிய விஷயம்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெயிலிலிருந்து தப்பிக்க உடம்பில் மெழுகு போன்ற பூச்சைத் தடவிக்கொண்டு ஓடினார் என்கிறார்கள். வியர்வை வெளியேற வழியில்லை. வழியில் மயங்கி விழுந்தவர் மறுநாள் இறந்துபோனார்.

இப்படிப்பட்ட செய்திகளால், மாரத்தான் என்பது அசாதாரண மனிதர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் ஊறிப்போனது.

ஆக்லாந்தின் ஷூ தொழிலாளி

அந்த எண்ணத்தை மாற்றியவர் மருத்துவரோ விஞ்ஞானியோ அல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். 1917ல் பிறந்தவர். ரக்பி ஆடியதால் தன் உடல் நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். இருபதுகளின் பிற்பகுதியில் ஒருநாள், தன்னைவிட மூத்த நண்பர் ஒருவரோடு 8 கிலோமீட்டர் ஓடப் போனார். நண்பர் சாதாரணமாக ஓடினார். லிடியார்டுக்கு மூச்சு முட்டியது. இப்போதே இப்படி என்றால் இன்னும் இருபது ஆண்டு கழித்து என்ன ஆவோம் என்ற பயம் வந்தது.

அதன் பிறகு தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக் கொண்டார். தூரத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். மிக வேகமாக ஓடினால் உடைந்துபோனார். ரொம்பக் குறைவாக ஓடினால் முன்னேற்றம் இல்லை. பல ஆண்டு சோதனைக்குப் பின் அவர் வந்து சேர்ந்த முடிவு: முதலில் பல வாரங்கள், மூச்சு வாங்காத வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். வேகப் பயிற்சி அதற்குப் பிறகுதான். பந்தயம் நெருங்கும்போது ஓட்டத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த முறையில் அவரே 1953லும் 1955லும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன் ஆனார்.

அக்கம்பக்கத்து இளைஞர்கள் அவரிடம் சேர்ந்தார்கள். 800 மீட்டர் ஓடுபவரும் ஞாயிற்றுக்கிழமை வைட்டாக்கரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றார். பலர் சிரித்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். மாரத்தானில் பேரி மகீ வெண்கலம் வென்றார். மூவரும் லிடியார்டின் மாணவர்கள்! ஸ்னெல் 1961 டிசம்பரில் தன் முதல் மாரத்தானை ஓடினார். அடுத்த மாதமே மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 54.4 நொடியில் உலக சாதனை படைத்தார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பவர்மேன் பின்தங்கிய கதை

ஆனால் லிடியார்டின் பெரிய சாதனை ஒலிம்பிக் பதக்கங்கள் அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் தொந்தி விழுந்த வியாபாரிகளையும் வயதானவர்களையும் சேர்த்து மெதுவாக ஓட வைத்தார். அந்தக் குழுவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் இருந்தார்கள். மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர்கள் சொன்ன காலம் அது.

1962 இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே வந்தார். அவருக்கு வயது 51. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவோடு ஓடப் போனவர் கொஞ்ச தூரத்திலேயே திணறிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே கூட ஓடினார். அந்த முதியவருக்கு ஏற்கெனவே மூன்று முறை மாரடைப்பு வந்திருந்தது என்று பவர்மேனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊர் திரும்பிய பவர்மேன் பொதுமக்களை ஓட அழைத்தார். சமாளிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் வந்தது. இதய மருத்துவர் ஹேரிஸுடன் சேர்ந்து 1967ல் ஜாகிங் பற்றி அவர் வெளியிட்ட புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இதே பவர்மேன்தான் 1964ல் பில் நைட்டோடு சேர்ந்து, பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்த பில் நைட்டும் ஒரு கணக்காளர், பிரைஸ் வாட்டர்ஹவுஸில் வேலை பார்த்தவர் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

முடியாது என்று ஒதுக்கப்பட்டவர்கள்

மெதுவாக ஆரம்பித்தால் யாராலும் முடியும் என்றானதும், இதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். 1966ல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்களுக்கு அந்த உடல்திறன் கிடையாது என்று பதில் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், செவிலியர் அணியும் காலணியோடு தானே பயிற்சி செய்தவர் அவர். புறப்படும் இடத்தருகே புதரில் மறைந்திருந்து ஓட்டத்தில் கலந்துகொண்டார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். பந்தயத்தன்று போட்ட புது ஷூதான் காலில் கொப்புளம் உண்டாக்கியது! பாஸ்டனில் பெண்களுக்கு அதிகாரபூர்வ அனுமதி 1972ல்தான் கிடைத்தது. ஒலிம்பிக்கில் 1984ல்.

1973ல் டொரண்டோவைச் சேர்ந்த மருத்துவர் டெரன்ஸ் கவனா, மாரடைப்பிலிருந்து மீண்ட தன் நோயாளிகளைப் படிப்படியாகத் தயார் செய்து பாஸ்டனுக்கு அழைத்துப் போனார். அவர்களில் ஏழு பேர் மாரத்தானை ஓடி முடித்தார்கள்.

ஒரு வரவு செலவுக் கணக்கு

மெதுவான ஓட்டம் ஏன் பலன் தருகிறது? நம் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் சர்க்கரை (கிளைக்கோஜன்) ஏறக்குறைய 2000 கலோரி தரும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 60 கலோரி வேண்டும். அப்படியானால் 42 கிலோமீட்டருக்கு 2500க்கும் மேல். பற்றாக்குறை பட்ஜெட்! அந்தப் பள்ளத்தை உடலிலுள்ள கொழுப்பு நிரப்ப வேண்டும். வேகம் கூடக் கூட உடல் சர்க்கரையைத்தான் அதிகம் செலவழிக்கும். 30 கிலோமீட்டருக்கு மேல் பலர் சுவரில் மோதியதுபோல் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான். லெர்முசியோ நின்றது 32ல் என்பதை நினைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் நிதானமாக ஓடும்போது கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. எலும்பும் தசைநாணும் நுரையீரலைவிட மெதுவாகவே பழகும் என்பதால், தூரத்தை அவசரமாகக் கூட்டுபவர்களுக்குத்தான் காயம் அதிகம்.

மறுபக்கம்

ஓட்டம் சர்வரோக நிவாரணி இல்லை. 1977ல் ஓட்டம் பற்றிய புத்தகம் எழுதி அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்ற ஜிம் ஃபிக்ஸ், 1984ல் ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 52. அவர் தந்தைக்கு 43 வயதிலேயே அதே முடிவு. பரம்பரை இதயநோய் உள்ளவர்கள் ஓட ஆரம்பிக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு அந்த மரணம் உதாரணமாகிவிட்டது.

தண்ணீர் விஷயமும் எதிர்த்திசைக்குப் போனது. நிறையக் குடி, தாகம் எடுப்பதற்கு முன்பே குடி என்று சொல்லப்பட்டதில், ரத்தத்தில் சோடியம் குறைந்து சிலர் ஆபத்துக்குள்ளானார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005ல் வெளியான ஆய்வு, அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததைக் காட்டியது. தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும் என்பது இன்றைய பொதுவான அறிவுரை.

லிடியார்ட் 2004 டிசம்பரில், 87வது வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தின் நடுவே காலமானார். மும்பை மாரத்தான் தொடங்கியதும் அதே 2004ல்தான். இன்று முதல் மாரத்தானுக்கான நான்கைந்து மாத அட்டவணை எதை எடுத்துப் பார்த்தாலும், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் இருக்கும், கடைசி இரண்டு மூன்று வாரம் ஓய்வு இருக்கும், பந்தயத்தன்று புது ஷூ வேண்டாம் என்ற குறிப்பு இருக்கும். யாரோ ஒருவர் விழுந்து எழுந்து கற்ற பாடங்கள் அவை. ஃபிளாக்குக்கு இதில் பாதியை யாராவது சொல்லியிருந்தால், 1896ன் மூன்றாவது வெற்றியும் அந்தக் கணக்காளருக்கே கிடைத்திருக்கலாம்.