அச்சமும் பிரசவ வேதனையும்

பிள்ளைப்பேற்றின் வேதனை மனித குலத்தோடு பிறந்தது. அவ்வேதனையைத் தணிக்க மேனாட்டு மருத்துவம் முறையாக முயன்ற வரலாறோ இரு நூற்றாண்டுகளுக்கும் குறைந்ததே. மருந்து கொடுத்து வலியை மறைப்பது அம்முயற்சியின் ஒரு கிளை. அச்சத்தை நீக்கி, தசைகளைத் தளரவிட்டு, மூச்சை ஒழுங்குபடுத்தி வலியைத் தாங்கப் பயிற்றுவது மற்றொரு கிளை. இரண்டாவது கிளை முதலாவதன் குறைகளிலிருந்தே முளைத்தது.

எடின்பரோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் யங் சிம்சன் 1847ஆம் ஆண்டு தை மாதத்தில் ஈதரையும், அதே ஆண்டு கார்த்திகையில் குளோரபோமையும் பிரசவத்தில் பயன்படுத்தினார். வேதனையுற்றுப் பெறுவதே பெண்ணுக்கு விதிக்கப்பட்டது என்று வேதாகமத்தைக் காட்டி மறுத்தோரும் இருந்தனர். 1853ஆம் ஆண்டு விக்ரோறியா மகாராணி தமது எட்டாவது குழந்தையாகிய லியோபோல்ட்டைப் பெற்றபோது, டொக்டர் ஜோன் சினோ கைக்குட்டையில் குளோரபோமைத் துளி துளியாக இட்டு முகரக் கொடுத்தார். அரசி ஏற்றுக்கொண்டதைச் சீமாட்டிகளும் ஏற்றுக்கொண்டனர்; வாதம் பெரும்பாலும் அடங்கிற்று.

ஆயினும் மருந்தின் வழி நேரானதாக அமையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில் குறோனிக், கவுஸ் என்னும் வைத்தியர் இருவர் மோர்பின், ஸ்கோபலமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்து ஊசி மூலம் செலுத்தும் முறையைப் பரப்பினர். ‘அந்தித் துயில்’ எனப் பெயர் பெற்ற அம்முறை 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பெண்களிடையே பேரியக்கமாகவே வளர்ந்தது. ஆனால் அது போக்கியது வலியை அன்று, வலியின் நினைவையே. பெண்கள் கூவினர், புரண்டனர். விழித்தெழுந்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. தான் பெற்ற பிள்ளை தன்னுடையதுதானா என்று தாய் திகைக்கும் நிலையும் நேர்ந்தது. அம்மருந்துகள் குழந்தையின் சுவாசத்தையும் மந்தப்படுத்தக் கூடியவை.

இந்நிலையில்தான் 1890ஆம் ஆண்டு பிறந்த கிறான்ட்லி டிக்-றீட் என்னும் ஆங்கில வைத்தியர் வேறொரு வினாவை எழுப்பினார். இளமையில் அவர் லண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த வைட்சப்பல் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கச் சென்றார். எளிய குடில். வழக்கம்போல் குளோரபோமைக் கொடுக்க முயன்றார். அவள் வேண்டாமென்று விலக்கிவிட்டு, ஆரவாரமின்றிப் பிள்ளையைப் பெற்றாள். காரணத்தைக் கேட்டபோது, தனக்கு நோகவில்லை என்றும், நோக வேண்டியதும் இல்லைத்தானே என்றும் அவரையே திருப்பிக் கேட்டாளாம். அக்கேள்வி அவரை விடவில்லை. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியை மிகுவிக்கிறது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்னும் சுழல் வட்டத்தை அவர் வகுத்தார். 1933ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘இயற்கைப் பிரசவம்’ என்னும் நூலும், 1942ஆம் ஆண்டு வெளிவந்து பின்னர் ‘அச்சமற்ற பிரசவம்’ என்ற பெயரால் புகழடைந்த நூலும் இக்கருத்தையே விரித்தன. மருத்துவர் பலர் அவரை எதிர்த்தனர். தாய்மாரோ அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினர்.

வட்டத்தை எங்கே அறுப்பது? அறிவினால் அச்சத்தை அறுக்கலாம். பயிற்சியினால் இறுக்கத்தை அறுக்கலாம். கருப்பை தாயின் விருப்பப்படி இயங்கும் தசையன்று. அதை அவள் நிறுத்தவும் இயலாது, முடுக்கவும் இயலாது. ஆனால் தாடையும் தோளும் கைகால்களும் அவள் வசத்தில் உள்ளவை. வலி எழும்போது பல்லைக் கடித்து முட்டியை இறுக்குபவள் தன் வலிமையை வீணே செலவிடுகிறாள். வலிக்கும் வலிக்கும் இடைப்பட்ட ஓய்வில் அவ்வுறுப்புகளைத் தளரவிட்டு ஆறுதலாக மூச்செறிபவளோ அடுத்த வலிக்குச் சக்தியைச் சேமித்துக்கொள்கிறாள். தளர்தல் எளிதென்று தோன்றும். உண்மையில் அது பழகிப் பெறவேண்டிய திறன். சிக்காகோவில் ஆய்வு நடத்திய எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு ஒழுங்கான வழி கூறினார்: ஒவ்வொரு தசைக் கூட்டமாக இறுக்கி, அவ்விறுக்கத்தை உணர்ந்து, பின் மெல்ல விடுதல். இறுக்கம் இன்னதென்று அறியாதவருக்குத் தளர்ச்சி இன்னதென்றும் தெரியாது என்பது அவர் கண்ட உண்மை.

டிக்-றீட்டின் கருத்தில் பெரியதொரு பிழையும் இருந்தது. நாகரிகம் பெண்ணைக் கெடுத்துவிட்டது என்றும், ‘ஆதி மக்கள்’ எனத் தாம் கருதியோரிடத்தில் பெண்கள் பெரும்பாலும் நோவின்றிப் பெறுகின்றனர் என்றும் அவர் எண்ணினார். தூரத்தே நின்று பிற நாட்டுப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றியிருக்கலாம். பிரசவத்தைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று கூறும் சமுதாயத்துக்கு அக்கூற்றின் பொய்ம்மையை விளக்க வேண்டுவதில்லை.

இதே காலத்தில் சோவியத் நாட்டில் வேறொரு பாதை வெட்டப்பட்டது. கார்க்கோவ் நகரில் வெல்வோவ்ஸ்கி முதலியோர், பவ்லோவ் நிறுவிய பழக்கவழி அனிச்சைச் செயல் என்னும் தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு, கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே கல்வி புகட்டினர். 1951ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு சோவியத் நாட்டுக்குச் சென்ற பிரான்சிய வைத்தியர் பெர்னாண்ட் லமாஸ் அங்கே நடைபெற்ற பிரசவம் ஒன்றைக் கண்டு வியந்தார். பாரிஸ் திரும்பியதும், உலோகத் தொழிலாளர் சங்கத்தைச் சார்ந்த புளுவே மருத்துவ நிலையத்தில் அதைத் தொடங்கினார். டிக்-றீட் தாயை அமைதியில் ஆழ்த்த விரும்பினார். லமாஸோ அவளை உழைக்கச் சொன்னார். விரைந்த மூச்சுப் பயிற்சியினாலும் ஒருமுகப்பட்ட கவனத்தினாலும் வலியின் செய்தியை மூளையில் இடம்பிடிக்க விடாது தடுப்பதே அவர் நோக்கம்.

பனிப்போர் உச்சத்திலிருந்த நாட்கள் அவை. சோவியத் சரக்கு என்று பலர் முகஞ்சுளித்தனர். அச்சமயம் எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது: 1956ஆம் ஆண்டு தை மாதம் 8ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், அம்முறையில் அறநெறிக்கு மாறானது எதுவுமில்லை என்றும், வேதாகமம் அதைத் தடுக்கவில்லை என்றும் கூறினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் சிம்சன் நடத்திய வாதத்துக்கு உரோமாபுரியிலிருந்து கிடைத்த விடை என்றே அதைக் கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து பாரிஸ் சென்று லமாஸிடம் பிள்ளை பெற்ற மார்ஜரி கார்மல் 1959ஆம் ஆண்டு தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே அவரும் எலிசபெத் பிங்கும் சேர்ந்து அந்நாட்டில் ஒரு சங்கம் நிறுவினர்.

வெற்றியோடு ஒரு தீங்கும் வந்து சேர்ந்தது. வலியற்ற பிரசவம் என்ற பெயரே ஒரு வாக்குறுதி. வாக்குறுதி நிறைவேறாதபோது பழி எவர்மேல் விழும்? லமாஸ் தாய்மாரின் நடத்தையை, அவர்கள் அமைதியிழந்ததையும் அலறியதையும் கொண்டு, மிக நன்று என்பது முதல் முழுத் தோல்வி என்பது வரை தரப்படுத்தினார். பிள்ளை பெற்றவளுக்குப் பரீட்சை முடிவு! வலி கற்பனை என்றும், பயந்ததால்தான் நொந்தது என்றும் கூறினால், நொந்தவள் தன்னையே குற்றவாளியாகக் காண்பாள். முன்பு பாவத்தின் தண்டனை என்றார்கள். பின்பு பயிற்சியின் குறை என்றார்கள். இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் அவளே.

இச்சிக்கலை அவிழ்த்தது பிற்கால ஆராய்ச்சி. 1965ஆம் ஆண்டு மெல்சாக், வோல் ஆகிய அறிஞர் இருவர், முதுகந்தண்டில் வலிக்கு ஒரு வாயில் உண்டென்றும், மனநிலை அதைத் திறக்கவும் ஓரளவு மூடவும் வல்லதென்றும் கூறும் கோட்பாட்டை வெளியிட்டனர். அச்சம் வலியைப் பெருக்கும் என்பது இதனால் வலுப்பெற்றது. அதே மெல்சாக் கனடாவில் பிரசவ வேதனையை அளந்து 1981ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவோ, பயிற்சி பெற்ற பெண்களுக்கும் பிரசவம் நோகத்தான் செய்கிறது என்பதாகும். பயிற்சி வலியைச் சற்றுக் குறைத்தது, ஒழிக்கவில்லை. பயிற்சி பெற்றோருள்ளும் பலர் வலி நீக்கும் ஊசியை நாடினர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் தசைத் தளர்வும் மூச்சுப் பயிற்சியும் இசையும் இடம் பெற்றுள்ளன. முதுகுத்தண்டருகே செலுத்தும் மருந்தும் அப்பரிந்துரைகளிலேயே உள்ளது. இவற்றுள் எது வேண்டுமென்பது தாயின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. அவள் தானே தேர்ந்த துணையொருவர் பிரசவம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்பதையும் அப்பரிந்துரைகள் வற்புறுத்துகின்றன.