தலையணைக்குக் கீழ் ஒரு நூல்

கொரியா யப்பானியர் ஆட்சியில் இருந்த காலம். செல்வந்தரான ஜியோன் ஹியோங்-பில் ஓவியங்களையும் பழம் பீங்கான்களையும் பிறநாட்டார் கைக்குப் போகாமல் வாங்கிச் சேர்த்தார். 1938 இல் சியோலில் அவற்றுக்கென அருங்காட்சியகமும் கட்டினார். பணமிருந்தோர் எல்லோரும் இதைச் செய்யவில்லை. 1940 இல், கொரிய எழுத்து ஆக்கப்பட்ட விதத்தை விளக்கும் 1446 ஆம் ஆண்டு நூல் அவருக்குக் கிட்டியது. கேட்ட விலையைப் போலப் பத்து மடங்கு கொடுத்தாராம். பள்ளிகளில் கொரிய மொழிக்கே இடமில்லாத நாள்கள். 1945 வரை நூலை மறைத்தே வைத்திருந்தார். 1950 இல் போர் மூண்டபோது தலையணைக்குக் கீழ் வைத்து உறங்கினார் என்பர்.

யாழ். பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களுக்கு 1981 இல் அப்படியொரு தலையணை வாய்க்கவில்லை. 1995 இல் நீர்வேலியை விட்டு வெளியேறியபோது நாமும் காணி உறுதிகளைத்தான் முதலில் எடுத்தோம். பாட்டனாரின் ஏடுகள் பரணிலேயே கிடந்தன.