ஆண்டிஸ் உலோகப் படைக்கருவிகள்: கைவினை நுட்பமும் பயன்பாட்டுச் சூழலும்

முன்னுரை

1532ஆம் ஆண்டில் எசுப்பானியப் படை இன்கா அரசை எதிர்கொண்டபோது, ஆண்டிஸ் மக்களிடம் இரும்பு உருக்கும் தொழில் இல்லை. இதனைக் கொண்டு, அவர்தம் உலோகக்கலை அணிகலன்களோடு நின்றுவிட்டது, படைக்கருவிகளில் முதிரவில்லை என்று கருதுவோர் உளர். கருவியின் தரத்தை அலகின் கூர்மையால் மட்டும் அளப்பதன் விளைவு இது. உருவான முறையையும் பயன்பட்ட சூழலையும் சேர்த்து நோக்கினால் இக்கருத்து நிலைபெறாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போர்முறையும் கருவியும்

இன்கா வீரர்கள் கவண், ஈட்டி, தண்டம் ஆகியவற்றைக் கையாண்டனர். பஞ்சு திணித்துத் தைத்த கவசம் அணிந்தனர். நெருங்கிய போரில் எலும்பை நொறுக்கும் கனமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. விண்மீன் வடிவத் தண்டத்தலைகளைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்து, நடுத்துளையில் மரக்காம்பு செருகினர். இங்கு கூர்மை இன்மையைக் குறையெனக் கொள்வதற்கில்லை.

கலவையும் சம்மட்டியும்

பெருவின் வடகடற்கரையில் சிக்கான் பண்பாட்டினர் ஆர்சனிக் கலந்த செம்பைப் பேரளவில் உருக்கினர். பத்தான் கிராந்தேயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உலைகள், துருத்தியின்றி ஊதுகுழல் வழியே மூச்சுக்காற்றால் இயக்கப்பட்டவை. இக்கலவையைக் குளிர்நிலையில் அடிக்க அடிக்க அதன் கடினம் கூடும். இன்கா ஆட்சியில் வெள்ளீய வெண்கலம் பேரரசெங்கும் பரவியது. மச்சு பிச்சுவில் கிடைத்த வெண்கலப் பொருள்களை ஆராய்ந்த மாத்தியூசன் 1915இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது: நுண்ணிய வார்ப்பு வேலை கொண்ட பொருள்களில் வெள்ளீயம் மிகுதி, உழைக்கும் கருவிகளில் குறைவு. கலவையின் அளவை வார்ப்பின் தேவை தீர்மானித்தது. அலகின் கடினத்தைச் சம்மட்டி தந்தது.

சடங்குப் படைக்கலம்

1987இல் வால்டர் ஆல்வா சிப்பானில் அகழ்ந்த மோச்சே கல்லறையில், வீரரின் இடைப்பின்புறத்தைக் காக்கும் தகடுகள் பொன்னிலும் வெள்ளியிலும் கிடைத்தன. மென்மையான இவ்வுலோகங்கள் போரில் அடி தாங்கா. போர்வீரர் என்னும் தகுதியையே இவை காட்டின. எனவே இவற்றின் மதிப்பு நிறத்திலும் ஒளியிலும் இருந்தது.

முடிவுரை

ஒரே வடிவுடைய கருவி போர்க்களத்திற்கு உரியதா, சடங்கிற்கு உரியதா என்பதை அது கிடந்த இடமே தெளிவாக உரைக்கும். சிப்பானில் களவுபோன பொன் தகடு ஒன்று 1997இல் பிலடெல்பியாவில் கைப்பற்றப்பட்டுப் பெருவிடம் சேர்ந்தது. அதன் உலோகக் கலவையை இன்றும் பகுத்தறியலாம்; அது யாருடைய உடலருகே, எவற்றோடு வைக்கப்பட்டிருந்தது என்பதை இனி அறிய இயலாது. ஆகவே, ஆய்வகப் பகுப்பாய்வும் அகழாய்வுச் சூழலும் இணைந்தால்தான் ஆண்டிஸ் கொல்லரின் அறிவை முழுமையாக மதிப்பிட முடியும்.