மாத்தளைக் கிளர்ச்சியும் ஆய்வாளர் இருவரும்: ஒப்பீட்டு முறை பற்றிய ஒரு நோக்கு

கல்லூரி மாணவரின் ஆய்வுக் கட்டுரைகளில் அறிஞர் கருத்துக்கள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறோம். ‘இவர் இவ்வாறு கூறுவர், அவர் அவ்வாறு கூறுவர், உண்மை இடைப்பட்டது’ என முடிப்பது ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. இஃது ஒப்பீடு ஆகாது என்பதை 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நிகழ்ச்சிகள் பற்றிப் பெரும் பிணக்கில்லை. கோப்பி விலை வீழ்ந்து அரச வருவாய் குன்றிய வேளையில், தேசாதிபதி ரொறிங்ரன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தான். வீதிச் சட்டம் ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது. ஜூலை 26இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடினார். 28இல் புரன் அப்பு முதலியோர் தலைமையில் மக்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி ஆவணங்களை அழித்தனர். வாரியப்பொலைத் தோட்டமும் தாக்கப்பட்டது. மறுநாளே இராணுவச் சட்டம் வந்தது. படையினருள் ஒருவரேனும் மாளவில்லை. ஆயினும் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் பதினெண்மர் கொல்லப்பட்டனர். காவியுடையிலேயே சுடப்பட்ட பிக்கு ஒருவரும் அவர்களுள் அடங்குவர்.

பிணக்கு விளக்கத்திலேதான் எழுகிறது. பேராசிரியர் கே. எம். டி சில்வா இதனைக் கண்டியரின் மரபுவழித் தேசியத்தோடு இணைக்கிறார். பிரபுக்கள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்க, எளிய குடியிற் பிறந்தோர் தலைமை ஏற்றனர். ஆயினும் அவர்கள் நாடிய தீர்வு பழைய முடியாட்சியே. கலாநிதி குமாரி ஜயவர்தனவோ 2010இல் வெளிவந்த தம் நூலில், இதனை நீண்டதொரு மக்கள் எதிர்ப்பு வரிசையில் வைத்து, அதே ஆண்டில் ஐரோப்பாவை உலுக்கிய புரட்சிகளையும் நினைவூட்டுகிறார். ‘கொழும்பு ஒப்சேவர்’ ஆசிரியர் எலியற் என்ற தீவிரவாத மருத்துவர் அவருக்கு முக்கியமானவர். புதிய வரிகளைக் கண்டித்து ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற பெயரில் ஜூலை 3இல் வெளிவந்த கடிதம் அவருடையது.

இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புக் கூறுமுன், ஒவ்வொருவர் மேசைமீதும் எந்தத் தாள்கள் இருந்தன எனக் கேட்டல் வேண்டும். டி சில்வா, குடியேற்ற நாட்டு அமைச்சர் கிறேயும் ரொறிங்ரனும் எழுதிக்கொண்ட அந்தரங்கக் கடிதங்களை 1965இல் பதிப்பித்தவர். அப்பதிப்பின் தலைப்பில் ‘கிளர்ச்சி’ என்ற சொல்லை மேற்கோட் குறிக்குள் இட்டார். அக்குறியே ஓர் ஆய்வுரை எனலாம். நிகழ்ந்ததைக் கிளர்ச்சி என்று பெயரிட்டாலன்றி அத்தனை கொலைகளை நியாயப்படுத்த ஆள்வோரால் இயலாது. ஜயவர்தனவுக்குப் பத்திரிகையும் தீவிரவாதச் சிந்தனையும் வழிகாட்டின. ஒருவர் கேட்டது ‘கிளர்ந்தவர் எதனை நாடினர்?’ என்பது, மற்றவர் கேட்டது ‘அவர்கள் யாரை எதிர்த்தனர்?’ என்பது. வேறு வினாக்களின் விடைகளுக்கு இடைப்பட்ட உண்மை எங்ஙனம் இருக்கமுடியும்? நம் மதிப்பீட்டில், தம்புள்ளை முடிசூட்டை விளக்க டி சில்வாவே துணை. கச்சேரித் தாள்களை மக்கள் ஏன் தேடி அழித்தனர் என்பதற்கு ஜயவர்தனவின் வழியே பொருந்துவது.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். அதே ‘ஒப்சேவர்’, 1840களில் இந்தியாவிலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருள் 70,000 பேர் மாண்டனர் என 1849இல் மதிப்பிட்டது. பின்வந்த நூல்கள் பல இத்தொகையை எடுத்தாண்டன. ஐந்து நூல்களைக் காட்டும் மாணவர் ஐந்து சான்றுகள் காட்டியவராகார்; ஒரு பத்திரிகைக் கணக்கையே ஐந்து முறை காட்டுகிறார்.

அத்தொழிலாளர் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். கிளர்ந்தோர் வந்ததும் ஏறக்குறைய அதே பாதையே. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நினைவு நடையைத் தொடங்கிய நாளும், தற்செயலாகவோ என்னவோ, ஜூலை 28. வாரியப்பொலைத் தோட்டம் தாக்கப்பட்டபோது அங்கிருந்த தமிழ்க் கூலிகள் என்ன செய்தனர், கிராமத்தார் அவர்களை எங்ஙனம் நோக்கினர் என்பது மேற்கூறிய இருவருக்கும் மைய வினாவாக அமையவில்லை. மாத்தளை மாணவர் ஒருவர் தம் கட்டுரையை அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.