மது மீட்பு உதவிக்குழு

மது மீட்பு உதவிக்குழு என்பது குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் தமக்குள் கூடி ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு. இவற்றுள் பெயர்பெற்றது அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் சிமித்தும் இதைத் தொடங்கினர். குடியிலிருந்து மீள்வதற்கான இதன் 12 படிகள் 1939இல் நூலில் வெளிவந்தன.

ஏ.ஏ. கூட்டத்தில் கட்டணமோ பதிவேடோ இல்லை. வருபவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று கூறிவிட்டுப் பேசலாம். பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை. திறந்த கூட்டத்துக்கு உறவினரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு.

இலங்கையின் மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே உள்ள பெரியகல்லாற்றில் கூட்டம் தேடுவோர், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ முதலில் விசாரிக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஊரார் கண்ணில் படத் தயங்குவோருக்கு இணையவழிக் கூட்டங்கள் உள்ளன.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே மருத்துவரைக் கண்ட பின்பே நிறுத்த வேண்டும். குழு மருத்துவத்துக்கு மாற்றன்று.