ஆறு மில்லிசெகண்டு ஓசையின் வரலாறு

ஒரு லினக்ஸ் கணினி. அதற்குள் கேவிஎம், கியூஎமு என்ற மென்பொருள்களின் துணையோடு ஓடும் மெய்நிகர் விண்டோஸ். அந்த விண்டோஸில் ஒரு விளையாட்டு. எதிரி ஒருவன் மரப்படியில் கால் வைக்கிறான், சத்தம் பிறக்கிறது. அந்தச் சத்தத்தில் ஒரு கீற்றை மட்டும் பின்தொடர்வோம். நொடிக்கு 48,000 சாம்பிள், இரண்டு சேனல், 16 பிட் என்ற கணக்கில் அது 1,152 பைட். நேரக் கணக்கில் சரியாக ஆறு மில்லிசெகண்டு.

பிறந்த இடம் வசதியானதுதான். 2012-இல் லினக்ஸ் கெர்னல் 3.6-இல் சேர்ந்த விஎஃப்ஐஓ, நிஜ கிராபிக்ஸ் கார்டையே விண்டோஸின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தக் கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஐஓஎம்எம்யூ காவல் காக்கிறது. படத்துக்கு இனிக் கவலையில்லை, கார்டிலிருந்து நேரே மானிட்டருக்குப் போய்விடும். ஸ்பீக்கர் செருகியிருப்பதோ மதர்போர்டில். அங்கிருக்கும் ஆடியோ சிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றால், பல போர்டுகளில் அது வேறு முக்கியமான சாதனங்களோடு ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் மாட்டிக்கொண்டிருக்கும், தனியே பிரித்துக் கொடுக்க முடியாது. அப்படியே கொடுத்தாலும் லினக்ஸ் ஊமையாகிவிடும். ஆகவே நம் கீற்றுதான் எல்லை தாண்ட வேண்டும்.

தாண்டாமலே பிழைக்கவும் ஒரு வழி உண்டு. கிராபிக்ஸ் கார்டு 01:00.0 என்ற எண்ணில் இருந்தால், பக்கத்திலேயே 01:00.1 என்று ஓர் ஆடியோ சாதனம் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளில் ஒலி அனுப்புவது அதன் வேலை. கார்டோடு சேர்த்து அதையும் கொடுத்தால், ஓசை படத்தோடு ஒட்டிக்கொண்டு மானிட்டருக்குப் போய்விடும். மானிட்டரின் ஹெட்போன் துளையே போதும் என்பவருக்குப் பயணம் அங்கேயே முடிந்தது. சிலருக்கு மட்டும் கரகரக்கும். விண்டோஸ் அந்தச் சாதனத்தைப் பழைய லைன் இன்டரப்ட் முறையில் ஓட்டுவது இதற்கு ஒரு காரணம். ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஐ முறைக்கு மாற்றினால் பலருக்கும் தெளிந்துவிடுகிறது.

ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் கியூஎமுவின் போலி சவுண்டு கார்டு இருக்கிறது. இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஹை டெஃபனிஷன் ஆடியோ தரத்தின் நகல் அது. விண்டோஸுக்குச் சந்தேகமே வராது, தன்னிடமுள்ள டிரைவரைப் போட்டுக்கொள்ளும். கீற்று ஒரு வட்ட பஃபரில் ஏறுகிறது. ராட்டினம்போல் சுற்றும் அந்த பஃபரில் விண்டோஸ் ஏற்றிவிட, கியூஎமு இறக்கிக்கொள்ள வேண்டும். நிஜ சிப் என்றால் படிகக் கடிகாரத்தின் துடிப்புக்கு இறக்கும். கியூஎமு நம்பியிருப்பதோ மென்பொருள் டைமரை. விளையாட்டு எல்லா கோர்களையும் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த டைமர் பிந்தினால், ஸ்பீக்கர் பக்கம் கையிருப்பு தீர்ந்து ‘டப்’ என்று வெடிக்கும். ஒரு ஃபிரேம் தவறினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. ஹோஸ்டுக்கென்று, அதாவது வெளியே உள்ள லினக்ஸுக்கென்று, ஓரிரு கோர்களை ஒதுக்கி வைத்தால் ஒலியும் சீராவது இதனால்தான்.

வெளியே வரும் வாசலில் இன்னொரு காவல். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மூலம் ஓடும் கியூஎமு பொதுவாகத் தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. ஒலியை வாங்கிக்கொள்ள வேண்டிய ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ, டெஸ்க்டாப்பில் லாகின் செய்தவரின் கணக்கில் இருக்கிறது. அந்நியன் தட்டினால் கதவு திறக்காது. கியூஎமு எந்தப் பயனராக ஓட வேண்டும் என்பதை லிப்வர்ட்டின் அமைப்புக் கோப்பில் மாற்றியாக வேண்டும்.

இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைதான் ஸ்க்ரீம். விண்டோஸில் சவுண்டு கார்டு வேடம் போடும் கட்டற்ற டிரைவர் அது. அதன் ஒரு பாக்கெட்டில் ஏறும் ஒலிச் சுமைதான் நம் 1,152 பைட். சாம்பிள் வேகம், பிட், சேனல் விவரம் சொல்லும் ஐந்து பைட் சீட்டை முன்னால் ஒட்டி, 1,157 பைட் யூடிபி பாக்கெட்டாக 239.255.77.77 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, 4010-ஆம் போர்ட்டில் வீசிவிடும். ரசீது கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். ஒரே கணினிக்குள் ஓடும் மெய்நிகர் நெட்வொர்க் என்பதால் தொலைவது அபூர்வம். ஹோஸ்டில் உள்ள ரிசீவர் அதைப் பிடித்து, அங்குள்ள ஒலி சர்வரிடம் சேர்க்கும். ஃபயர்வால் மட்டும் வழிவிட வேண்டும். அனுப்புகிறவனுக்கு ஒரு கடிகாரம், ஒலிக்கிறவனுக்கு வேறொன்று என்பதால், பஃபரைச் சிறிதாக்கினால் கரகரப்பு, பெரிதாக்கினால் தாமதம்.

எந்தப் பாதையில் வந்தாலும் ஹோஸ்டின் வேலை ஒன்றுதான். கீற்று லினக்ஸின் மற்றச் சத்தங்களோடு கலந்து, கெர்னலின் ஒலி அமைப்பான அல்சா வழியே ஆடியோ சிப்புக்குப் போய், மின்னலையாகி ஸ்பீக்கரை அசைக்கிறது.

2023-இல் பாதை கொஞ்சம் செப்பனிடப்பட்டது. கியூஎமு 8.1 பைப்வயரோடு நேரடியாகப் பேசத் தொடங்கியது. 8.2-இல் எந்த நிஜ கார்டின் வேடமும் போடாத விர்ட்ஐஓ சவுண்டு வந்தது. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸுக்கான டிரைவர் கெர்னல் 5.13-லேயே தயாராக இருந்தது. வேடம் குறைந்தாலும், இரண்டு கடிகாரமும் இரண்டு பயனர் கணக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எனவே சத்தமே வராவிட்டால் அனுமதியைப் பாருங்கள், கரகரத்தால் நேரத்தைப் பாருங்கள். டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவுவது அதற்கப்புறம்.